இரண்டு கூண்டுகள்

கோலார் தங்கவயலில் கூண்டில் நின்று சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளிகளுக்கு, பள்ளிக்கூடத்தில் பௌதிக சாஸ்திரம் படிக்காமலே தெரிந்துபோன ஓர் உண்மை உண்டு. கூண்டு புறப்படும் க்ஷணத்தில் அடிவயிறு மேலெழும்பும். நிற்கப்போகும் க்ஷணத்தில் முழங்கால் கனக்கும். இடைப்பட்ட நேரத்தில், இருட்டுக்குள் எவ்வளவு வேகமாகப் போனாலும், ஷாஃப்டின் சுவரைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டால் ஒரே இடத்தில் நிற்பதுபோலவே இருக்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைமட்டத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்தப் பாதாளத்தை ஒரே இறக்கத்தில் அடைய முடியாது. ஒரு ஷாஃப்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறித்தான் போகவேண்டும். ஆகவே இந்த அனுபவம் ஒரு ஷிஃப்டில் பலமுறை வாய்த்தது.

நமது சரீரத்தில் வேகத்தை அறியும் இந்திரியம் எதுவும் இல்லை. வேகம் மாறுவதை அறியும் இந்திரியம் மட்டுமே இருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை சுழல்வதைச் சொல்லுகின்றன. மெல்லிய சவ்வின்மீது படிந்த சுண்ணாம்புத் துகள்கள் பக்கவாட்டு இழுப்பையும் பூமியின் ஈர்ப்பையும் சொல்லுகின்றன. இந்தத் துகள்களுக்கு ஒரு பெரும் பலவீனம்: வண்டி முன்னே பாய்வதால் உடல் பின்னுக்கு அழுந்துகிறதா, அல்லது நாற்காலி பின்பக்கம் சாய்ந்திருப்பதால் அழுந்துகிறதா என்று அவற்றால் பிரித்தறிய முடியாது. நிலத்தை விட்டு ஓர் அங்குலமும் பறக்காமல் விமானிக்கு ஆகாயப் பிரமையை உண்டாக்கும் யந்திரம், அதாவது ஃபிளைட் சிமுலேட்டர், இந்தப் பலவீனத்தின்மீதுதான் எழுப்பப்பட்டிருக்கிறது.

இதன் ஆதி வடிவம் வாத்தியப் பட்டறையில் பிறந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், பிங்காம்டன் என்ற ஊரில், பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவரின் மகன் எட்வின் லிங்க். விமானம் ஓட்டக் கற்க ஆகும் செலவைக் கண்டு மலைத்த அவர், தந்தையின் பட்டறையிலிருந்த காற்றுத் துருத்திகளை ஒரு சிறு மரக்கூட்டின் அடியில் பொருத்தி, கைப்பிடியை அசைத்தால் கூடு சாயவும் திரும்பவும் செய்தார். 1929இல் அது உருப்பெற்றது. நம் ஊர் ஆர்மோனியப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் தத்துவம் உடனே விளங்கும். முதலில் அதை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள் என்பது வேடிக்கை. 1934இல் தபால் சுமக்கும் பணி அமெரிக்க ராணுவ விமானிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, மோசமான வானிலையில் பலர் மாண்ட பிறகுதான், ராணுவம் 6 யந்திரங்களை வாங்கியது.

இன்றைய சிமுலேட்டரில் துருத்திகள் இல்லை. நீண்டு சுருங்கும் ஆறு கால்கள் ஒரு மேடையைத் தாங்க, மேடையின்மேல் மெய்யான விமானத்தின் காக்பிட்டை அச்சாக ஒத்த அறை அமர்ந்திருக்கிறது. கால்கள் நீளக்கூடியது ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்துக்குள்தான். ஓடுபாதையில் கிலோமீட்டர் கணக்கில் பாயும் விமானத்தை அதற்குள் எப்படி அடக்குவது? விமானி எஞ்சினை முழு விசையில் வைத்ததும் அறை ஒருமுறை முன்னே துள்ளுகிறது. துள்ளிய கையோடு, எதிரே திரையில் தொடுவானம் நேராக நிற்கும்படி படத்தைக் காட்டிக்கொண்டே, அறையை மட்டும் உட்காது உணராத மெதுவான வேகத்தில் பின்பக்கம் சாய்க்கிறார்கள். பூமியின் ஈர்ப்பு முதுகை நாற்காலியில் அழுத்த, அதை விமானத்தின் பாய்ச்சல் என்று மூளை நம்பிவிடுகிறது. அடுத்த அசைவுக்கு இடம் வேண்டுமல்லவா? ஆகையால் அறையை யாரும் அறியாமல் நடுநிலைக்கு ஊர்ந்து வரச் செய்கிறார்கள். இந்தத் திருட்டுத் திரும்புதலுக்கு அத்துறையில் வாஷ்-அவுட் என்று பெயர். அதைச் செவ்வனே அமைக்காவிட்டால், கண் ஒன்று சொல்லக் காது வேறொன்று சொல்ல, முப்பது வருஷம் பறந்த விமானிக்கும் குமட்டல் வந்துவிடும்.

கால்களை அசைப்பது எண்ணெயோ மின்சாரமோ ஆனாலும், எப்போது எவ்வளவு அசைய வேண்டுமென்று விதிப்பது கணிதம். அந்தக் கணிதத்தை நிரலாக எழுதுவதே மென்பொருள் பொறியாளரின் உத்தியோகம். ஒரு விநாடியை 60 கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறிலும் விமானியின் கை கால் அசைவுகளைப் படித்து, காற்றுச்சுரங்கப் பரிசோதனைகளிலும் பறப்புச் சோதனைகளிலும் கிடைத்த அட்டவணைகளிலிருந்து இறக்கையின்மீதான விசைகளைக் கண்டு, நியூட்டனின் விதிப்படி அடுத்த நிலையைக் கணித்து, திரைக்கும் கால்களுக்கும் முள்மானிகளுக்கும் அனுப்பிவிட வேண்டும். விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. தாமதமாக வந்த சரியான விடை இங்கே தவறான விடையே. மூக்கு செங்குத்தாக வானை நோக்கும்போது வழக்கமான கோணக் கணக்கு பூஜ்யத்தால் வகுக்கப் போய்ச் சிதறிவிடும் என்பதால், டப்ளின் நகரத்து ஹாமில்டன் 1843இல் கண்டுபிடித்த நான்கு உறுப்பு எண்களை இவர்கள் கையாளுகிறார்கள். அக்காலத்தில் இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

தாமதம் என்பது சிமுலேட்டரின் கவலை மட்டுமன்று. சுவீடனின் கிரிப்பன் போர்விமானத்தின் முதல் மாதிரி 1989இல் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாயிற்று. விமானியின் திருத்தமும் கணினியின் திருத்தமும் ஒன்றையொன்று துரத்தி, அசைவு பெருகியதே காரணம். பெங்களூரில் இலகு ரகப் போர்விமானத்தை வடிவமைத்தவர்களுக்கு இது நேரடியான எச்சரிக்கை. ஏனெனில் பிற்காலத்தில் தேஜஸ் என்று பெயர் பெற்ற அந்த விமானமும் இயல்பில் நிலையற்றது, கணினி இடைவிடாமல் திருத்தாவிட்டால் பறக்கவே பறக்காது. பறந்து பார்த்துத் திருத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே 1992இல் என்.ஏ.எல் என்ற விமான ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமையில் கட்டுப்பாட்டு விதிகளுக்கென ஒரு குழு அமைந்தது, ஏ.டி.இ என்ற ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் சிமுலேட்டரில் சோதனை விமானிகள் தரையிலேயே வருஷக்கணக்கில் பறந்தார்கள். 1996இல் அமெரிக்காவில், வேறு விமானமாக நடிக்க வல்ல ஓர் எஃப்-16இல் அவ்விதிகளைப் பூட்டி ஆகாயத்திலும் பார்த்தார்கள். 1998இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனையையடுத்து அந்நாட்டின் ஒத்துழைப்பு அறுந்தது. மிச்ச வேலை இங்கேயே முடிந்தது. 2001 ஜனவரி 4ஆம் தேதி விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் அதை முதன்முதலாக மேலெழுப்பினார்.

அதற்கு 55 நாள் கழித்து, பிப்ரவரி 28ஆம் தேதி, பெங்களூரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கிழக்கே தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன் புறப்படும் ரயிலில், சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு தேதிகளும் சேர்ந்தே நினைவுக்கு வரும். சுரங்கக்காரரின் பேரனோ பேத்தியோ பொறியியல் படித்து இத்துறைக்கு வந்தால், எடுத்த எடுப்பிலேயே விமானத்தின் பறப்பை எழுதச் சொல்ல மாட்டார்கள்; ஒரு எரிபொருள் மானியின் முள்ளோ, பயிற்றுநர் பொத்தானை அழுத்தினால் எஞ்சினில் தீப்பிடித்ததாகக் காட்டும் ஏற்பாடோ கைக்கு வரும். பிறகு வருஷங்கள் செல்லச் செல்ல, மெய்யான விமானத்தின் பதிவுகளோடு சிமுலேட்டரின் நடத்தையைக் கோட்டுக்குக் கோடு ஒப்பிடும் வேலை வரும். எல்லாக் கோடுகளும் பொருந்திய பின்னும் சோதனை விமானி இறங்கி வந்து, “இது அப்படி இல்லையே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அந்த மூன்று சொற்களை எண்களாக மொழிபெயர்ப்பதுதான் இத்தொழிலின் கடினமான பகுதி என்பது என் அபிப்பிராயம்.

உயர்ந்த தரச்சான்று பெற்ற சிமுலேட்டரில், முன்பே ஜெட் விமானம் ஓட்டிப் பழகிய விமானி புதிய ரக விமானத்துக்கான பயிற்சி முழுவதையும் முடித்துவிடலாம். அந்த ரகத்தை அவர் முதல்முறை நிஜமாக ஓட்டும்போது, பக்கத்தில் பயிற்றுநரும் பின்னால் பிரயாணிகளும் இருப்பார்கள். பிரயாணிகளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அத்தகைய அறை அசையத் தொடங்குவதற்கு முன் ஒரு சிறு நிரல் ஓடுகிறது: கதவு சாத்தியிருக்கிறதா, ஏறி வந்த பாலம் விலகிவிட்டதா என்று பார்த்து, இரண்டும் உறுதியானாலன்றிக் கால்களுக்கு விசை தராது. தங்கவயலில் கூண்டின் கதவைச் சாத்தி மணி அடித்த பிறகே விண்டிங் எஞ்சின்காரர் லீவரைத் தொடுவார்.