காற்று மறைக்கும் வெயில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். மீன்களின் இனப்பெருக்கத்தைக் காப்பதற்காக ஆண்டுதோறும் வரும் தடைக்காலம் அது. திருவள்ளூர் தொடங்கி கன்னியாகுமரி வரை துறைமுகங்களில் வலை பொத்துவதும் இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதுமாக அந்த இரண்டு மாதங்கள் கழியும். நாட்டுப்படகுகளுக்கும் ஃபைபர் படகுகளுக்கும் இந்தத் தடை கிடையாது. விசைப்படகு மீன் வராததால் சந்தையில் விலையும் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், அவற்றின் மீனவர்கள் முனைப்போடு கடலுக்குப் போகும் காலமே இதுதான்.

அக்னி நட்சத்திரம் முழுவதும் இந்த 61 நாட்களுக்குள்ளேயே வந்து போகிறது. கூரையும் அறையும் உள்ள பெரிய படகு கரையில் நிற்கிறது. தலைக்கு மேல் ஒரு சாக்குத்துணிகூட இல்லாத சிறிய படகு நடுக்கடலில் நிற்கிறது. ஆண்டின் உச்ச வெயிலைச் சந்திப்பவர்கள் நிழலே இல்லாத படகில் இருப்பவர்கள்தான். தடைக்காலம் பற்றிய பேச்சில் மீன் குஞ்சுகள் வருகின்றன, நிவாரணத் தொகை வருகிறது. இந்த வெயில் மட்டும் வருவதே இல்லை.

‘கடலில் என்ன வெயில்? காத்து சிலுசிலுன்னு அடிக்குமே’ என்று கரையில் இருப்பவர்கள் நினைப்பது இயல்பு. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மே மாதப் பகலில் கரையைவிடக் கடலின் மேல் காற்று பல டிகிரி குறைவாகவே சூடேறும். ஆனால் உடல் எவ்வளவு சூடாகிறது என்பதை காற்றின் வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. வானிலை அறிக்கையில் நாம் கேட்கும் 38 டிகிரி, 40 டிகிரி எல்லாம் வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் தொங்கும் வெப்பமானி சொல்லும் கணக்கு. படகில் இருப்பவர் அந்தப் பெட்டிக்குள் இல்லை. மேலிருந்து வெயில் நேராக இறங்குகிறது. நீர்ப்பரப்பிலிருந்தும் கொஞ்சம் திரும்பி வருகிறது. அலை நுரை சுமார் 25 விழுக்காடும், காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 விழுக்காடும் புற ஊதாக் கதிர்களைத் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தலையில் துண்டு கட்டியிருந்தாலும் முகவாயும் மூக்கின் அடிப்பகுதியும் கருகுவது இதனால்தான். பல ஆண்டுகள் கடலில் இருந்தவர்களின் வெள்ளை விழியில் சதை வளர்ந்து கருவிழியை நோக்கிப் படர்வதற்கும் இந்தக் கதிர்கள் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது ஈரப்பதம். நம் உடலிடம் இருக்கும் பெரிய குளிர்விப்பு ஏற்பாடு வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் இதில் நிபந்தனை. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடலுக்கு நீர் நட்டமே தவிர, குளிர்ச்சி இல்லை. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லாமல் சொட்டுகிறது. இதை அளக்க ஒரு எளிய வழி உண்டு: வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி வைத்தால், ஆவியாதலால் எவ்வளவு குளிர்ச்சி தர முடியுமோ அந்த அளவுக்கு அது இறங்கி நிற்கும். இதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வேலூரில் 42 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் சுமார் 24 டிகிரியில் நிற்கும். கடலோரத்தில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அது 29-ஐத் தாண்டிவிடும். வியர்வையை நம்பியிருக்கும் உடலுக்கு இந்த இரண்டில் கடினமானது கடலோரம்தான்.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் மனித உடல் தாங்காது என்று 2010-இல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹ்யூபர் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஓர் அறைக்குள் வைத்து, லேசான வேலை மட்டும் கொடுத்துச் சோதித்தபோது, ஈரப்பதம் மிகுந்த சூழலில் ஏறத்தாழ 31 டிகிரியிலேயே அவர்களின் உள்வெப்பம் கட்டுமீறி ஏறத் தொடங்கியது. 2022-இல் வெளியான முடிவு இது. அவர்கள் வலை இழுக்கவில்லை. தலைக்கு மேல் வெயிலும் இல்லை.

வலை இழுப்பவரின் உடலே ஓர் அடுப்பு. தசை செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாறுவதில்லை. மற்றதெல்லாம் வெப்பமாக உள்ளே தங்குகிறது. இங்கேதான் கடலுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. படகு ஓடும்போது எதிர்க்காற்று முகத்தில் அடிக்கிறது, வியர்வை உடனுக்குடன் காய்கிறது. வலையை ஏற்ற படகை நிறுத்துகிறோம். ஓடும் படகின் காற்று நின்றுபோகும் அதே நிமிடத்தில் தசைகள் முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்குகின்றன. வெப்பம் உற்பத்தியாவது பல மடங்கு கூடும்போது அதை வெளியேற்றும் வழி குறைகிறது. கச்சான் (மேல்காற்று) ஓய்ந்து, கடல்காற்றும் எழாத முற்பகல் என்றால் நிலைமை இன்னும் மோசம். மயக்கம், கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது எல்லாம் வலை ஏற்றி முடித்த கையோடு வருவதற்கு இதுவே விளக்கம்.

காற்று செய்யும் இன்னொரு காரியம் இதைவிட நுட்பமானது. வியர்வையைக் காய வைத்து, அது வந்த தடயத்தையே அழித்துவிடுகிறது. கட்டட வேலை செய்பவரின் சட்டை நனைந்து ஒட்டுவதால், உடலிலிருந்து எவ்வளவு போகிறது என்று அவருக்கே தெரிகிறது. கடலில் தோல் உலர்ந்திருக்கிறது, முன்கையில் வெள்ளைப் பொடியாக உப்பு பூத்திருக்கிறது. அதை அலைத்துளி காய்ந்த உப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். அதில் பாதி நம் வியர்வையின் உப்பாகவும் இருக்கலாம். தாகமும் நம்பகமான சாட்சி இல்லை. உடல் எடையில் ஒன்றிரண்டு விழுக்காடு நீர் போன பிறகுதான் அது உரக்கக் கேட்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 600 மில்லி முதல் 1.2 லிட்டர் வரை. அந்த அளவு இழப்பிலேயே கவனம் சிதறவும் கை தடுமாறவும் தொடங்குகிறது. வலையும் கயிறும் ஓடிக்கொண்டிருக்கும் படகில், விளிம்பில் கால் வைத்து நிற்பவருக்குக் கை தடுமாறினால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் தலைசுற்றிக் கடலில் விழுந்தவரின் சாவு, மூழ்கிய சாவாகத்தான் பதிவாகும்.

ஆகவே தாகத்தை எதிர்பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும். வெயிலில் உழைப்பவர்களுக்கு உலகெங்கும் சொல்லப்படும் அளவு, 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது சுமார் 250 மில்லி. மணிக்கு 750 மில்லி. நான்கு பேர், ஆறு மணி நேரம் என்று பெருக்கினால் 18 லிட்டர். வீட்டுக்கு வாங்கும் 20 லிட்டர் கேன் ஒன்று கிட்டத்தட்ட முழுதாக வேண்டும். பல ஃபைபர் படகுகளில் ஏறுவது ஆளுக்கு ஒரு பாட்டில். டீசலை எத்தனை கடல் மைல், எத்தனை லிட்டர் என்று கணக்குப் பார்த்து ஏற்றும் நாம், குடிநீரை அப்படிக் கணக்கிடுவதில்லை. எடை கூடும், இடம் அடைக்கும் என்ற தயக்கம் புரிகிறது. ஆனாலும் 20 கிலோ என்பது ஒரு பெட்டி மீனின் எடைதான். கேனை அணியத்தின் நிழலில் வைத்து ஈரச்சாக்கைச் சுற்றினால், ஆவியாதலே அதைக் குளிர வைத்துவிடும். இன்ஜின் பழுதாகி நின்றுபோனால் காத்திருக்கும் நேரத்துக்கு இன்னொரு கேன் வேண்டும். அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதைக் குடிக்க முடியாததற்கும் கணக்கு இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகத்தால் ஏறத்தாழ 2 விழுக்காடு வரைதான் உப்பைச் செறித்து வெளியேற்ற முடியும். ஒரு லிட்டர் கடல்நீரின் உப்பை வெளியேற்ற ஒன்றே முக்கால் லிட்டர் சிறுநீர் வேண்டும். அந்த முக்கால் லிட்டர் உடலின் சேமிப்பிலிருந்து போகும். நல்ல தண்ணீரோடு கலந்து குடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். இருக்கும் நல்ல தண்ணீரையும் அது கெடுக்கும்.

வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் குடித்துக்கொண்டிருப்பதும் சரியில்லை. ஒரு லிட்டர் வியர்வையோடு சராசரியாக ஒரு கிராம் அளவுக்கு சோடியம் போகிறது. அதை ஈடுகட்டாமல் நீரை மட்டும் நிரப்பினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆபத்தில் முடியலாம். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லப்படுவதற்குக் காரணம் அதுதான்.

நீரையும் உப்பையும் சேர்த்து ஈடுகட்ட உடலிலேயே ஒரு வழி உண்டு. சிறுகுடலின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னாலேயே தண்ணீரும் வரும். 1960-இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்த இந்த விளக்கம்தான் உப்பு-சர்க்கரைக் கரைசலின் அடிப்படை. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலானாபிஸ் டிரம்களில் இந்தக் கரைசலைக் கலந்து கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். அதே ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை.

நம் வீட்டு நீராகாரம் இதற்கு மிக அருகில் வருகிறது. புளித்த சோற்று நீரில் மாவுச்சத்து இருக்கிறது, கல் உப்பு சேர்கிறது, நீர் இருக்கிறது. குடலில் மாவு குளுக்கோஸாக உடைந்து அதே வேலையைச் செய்யும். அரிசிக் கஞ்சியில் உப்பிட்ட கரைசலை மருத்துவர்களே பயன்படுத்தியிருக்கிறார்கள். விடிகாலை இரண்டு மணிக்குப் படகேறும் முன் நீராகாரமோ உப்புப் போட்ட மோரோ குடித்துவிட்டுப் போகும் பழக்கம் சில வீடுகளில் தேய்ந்து, அந்த இடத்தில் ஒரு டீ மட்டும் நிற்கிறது. டீ தீங்கில்லை, ஆனால் அதில் உப்பும் இல்லை, அளவும் போதாது. இளநீர் நல்லது. பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு என்பதால் அத்தோடு ஏதாவது உப்புப் பண்டம் வேண்டும். முந்தைய இரவின் மதுவைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுநீரை மட்டுப்படுத்தும் ஹார்மோனை அது அடக்கிவிடுவதால், படகில் கால் வைக்கும்போதே உடல் நீரிழந்து நிற்கிறது. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கோடைக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். தாமாக நிறுத்தக் கூடாது.

பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்பாசி எடுக்கும் பெண்கள், மீன் கூடை சுமந்து விற்கும் பெண்கள் வேறொரு காரணத்தால் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள்: ஒதுங்க இடமில்லை. அவர்களிடம் நிறையக் குடியுங்கள் என்று அறிவுரை சொல்வது நியாயமில்லை. இறங்குதளத்தில் தண்ணீர் வரும் கழிப்பறை கட்டுவதுதான் அவர்களுக்கான வெப்பப் பாதுகாப்பு.

உடல் வெயிலுக்குப் பழகும் என்பது உண்மை. ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. சில வாரம் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். கல்லூரி விடுமுறையில் அப்பாவோடு படகேறும் பையனுக்கும், 61 நாள் கரையில் இருந்துவிட்டு ஜூன் 15 அன்று கிளம்பும் விசைப்படகுத் தொழிலாளிக்கும் முதல் சில நாட்கள்தான் கண்டம். அந்த நாட்களில் அவர்களைப் பாதி வேலைக்கு மேல் விடக் கூடாது. அலை, காற்று, நீரோட்டம் பற்றி ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம் தரும் முன்னறிவிப்பை மீனவர்கள் நம்பிக் கேட்கிறார்கள். அதே செய்தியில் ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணித்த வெப்ப எச்சரிக்கையும் வர வேண்டும். கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சே எழும் என்ற வரையறை, 34 டிகிரியில் புழுங்கிச் சாயும் ஒருவருக்கு உதவாது.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் சாய்ந்துவிட்டால்? தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் வேலையை நிறுத்தி, தார்ப்பாயைக் கட்டி நிழலாக்கி, உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் உளறினாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும், மூளை பாதிக்கப்பட்டிருக்கும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நனைந்த உடலோடும் வெப்பத்தாக்கு வரும். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. கரைக்குக் கொண்டுபோன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இன்ஜினை முடுக்குவது மட்டும் போதாது. முதல் அரை மணி நேரத்தில் உடலைக் குளிர்விப்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது.

அதற்குத் தேவையானது படகிலேயே இருக்கிறது. சட்டையைக் கழற்றிவிட்டு வாளி வாளியாகக் கடல்நீரை ஊற்றலாம். மே மாதத்தில் அது 30 டிகிரி இருந்தாலும், 40 டிகிரி உடலுக்கு அது குளிர்ந்த நீர்தான். காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை இழுக்கும். மீனுக்காகக் கொண்டுபோன ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வைக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கே 80 கிலோகலோரி எடுத்துக்கொள்ளும். மீன் கெட்டுப்போகுமே என்று பார்க்கக் கூடாது. ஒருவர் விசிற, இன்னொருவர் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ கடலோரக் காவல்படையின் 1554-க்கோ பேச, கரையில் 108 வண்டி வந்து நிற்கச் சொல்லிவிட்டுப் படகைத் திருப்ப வேண்டும். இறங்குதளம் வந்து, ஆம்புலன்ஸில் ஏற்றும் வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.