அலமாரியில் தூங்கும் பணம்

வீட்டிலேயே புடவை, நைட்டி, ரவிக்கைத் துணி வாங்கி விற்கும் சகோதரிகள் எங்கள் மயிலாப்பூரில் நிறையப் பேர் உண்டு. "இந்த மாசம் எவ்வளவு விற்றது?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். "கையில் எவ்வளவு சரக்கு இருக்கு?" என்று கேட்டால் மட்டும் அலமாரியைத் திறந்து காட்டுவார்கள்!

பெரிய கடைக்காரர்கள் அப்படி இருப்பதில்லை. மயிலாப்பூரில் 1905-ல் தொடங்கிய ராசி, தி.நகரில் 1928-ல் தொடங்கிய நல்லி என்று ஜவுளிக்குப் பேர்போன பேட்டைகள் நம்முடையவை. இங்கே ஆடி பிறந்தால் தெருவெல்லாம் தள்ளுபடிப் பலகை. ஏன்? ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் மந்தம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழைய சரக்கு போக வேண்டும். அதற்கு முதலில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

எண்ணாமலே ஒரு கணக்கு

எங்கள் தெருவில் ஒரு மாமி காட்டன் புடவை விற்கிறார். ஒரு புடவை சராசரியாக 600 ரூபாய்க்கு வாங்கி 800-க்கு விற்பார். அதாவது, விற்ற ஒவ்வொரு ரூபாயிலும் முக்கால் ரூபாய் அசல். அவருடைய நோட்டைப் பார்த்துப் போட்ட கணக்கு இது:

சித்திரை முதல் தேதி இருந்த சரக்கு, வாங்கின விலையில்: ரூ. 40,000
ஆவணி முடிய வாங்கியது: ரூ. 62,000
இரண்டும் சேர்த்து: ரூ. 1,02,000
விற்பனை ரூ. 72,000, அதில் அசல் முக்கால் பங்கு: ரூ. 54,000
மீதி இருக்க வேண்டிய சரக்கு: ரூ. 48,000

ஆக, அலமாரியில் 80 புடவை இருக்கணும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். 800 ரூபாய்ப் புடவையைத் தள்ளுபடியில் 640-க்குக் கொடுத்தால், இந்தக் கணக்குக்கு 800 என்றே எழுத வேண்டும். வந்த பணத்தை மட்டும் எழுதினால், விற்றுப்போன புடவையும் அலமாரியில் இருப்பது போல் கணக்கு காட்டும்.

பிறகு எண்ணிப் பாருங்கள்

பில் போட கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடைகளிலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஸ்டாக் எடுப்பார்கள். நாமும் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிவிடலாம். சரக்கு அதிகமானால் ஒரு தட்டை எண்ணி மற்ற தட்டுகளுக்குப் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரே ரகமாக இருக்க வேண்டும். மெல்லிய வாயில் 20 இருக்கும் உயரத்தில் கனமான பட்டு அத்தனை இருக்காது.

மாமி எண்ணினபோது இருந்தது 72. எட்டுப் புடவை, அதாவது 4,800 ரூபாய், எங்கே? யோசித்ததில், கடனுக்குக் கொடுத்து எழுதாதது மூன்று, நாத்தனார் பெண்ணுக்கு வளைகாப்புக்கு வைத்துக் கொடுத்தது ஒன்று, கறை பட்டு ஒதுக்கினது இரண்டு. மீதி இரண்டு கடைசிவரை அகப்படவில்லை.

வயசையும் பாருங்கள்

ஐந்து மாதத்தில் 54,000 அசல் சரக்கு போயிருக்கிறது, மாதத்துக்கு 10,800. கையில் உள்ள 72 புடவையின் மதிப்பு 43,200. அப்படியென்றால் நாலு மாதத்துக்குச் சரக்கு இருக்கிறது! இது தெரியாமல் மாமி, தீபாவளிக்குப் புதுச் சரக்கு எடுக்கத் தன் வளையலை அடகு வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அது சரி, தீபாவளிக்குப் பழசையே காட்டினால் யார் வாங்குவா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த 72-ஐயும் வாங்கின தேதிவாரியாகப் பிரித்தோம். 30 புடவை போன தீபாவளிக்கும் முந்தினவை. அவற்றில் மட்டும் 18,000 ரூபாய் முடங்கிக் கிடந்தது. அவற்றை அசல் விலைக்கே கொடுத்துவிட்டு, வருகிற பணத்தில் புதுசு எடுப்பது என்று முடிவாயிற்று. வளையல் கையிலேயே இருக்கிறது.

நீங்களும் செய்யக்கூடியவை

ஒவ்வொரு புடவையிலும் சிறு சீட்டில் வாங்கின தேதியையும் விலையையும் எழுதி வையுங்கள். வீட்டுக்கு எடுத்ததையும், கடனுக்குக் கொடுத்ததையும் அன்றைக்கே நோட்டில் குறியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்ணுங்கள். அப்போதே பட்டுப் புடவைகளை மடிப்பு மாற்றி வைத்தால் மடிப்பு இற்றுப்போகாது. நைட்டி, குழந்தைகள் உடுப்பு விற்பவர்கள் மொத்தமாக எண்ணாமல் அளவுவாரியாக எண்ணுவது நல்லது. பெரிய அளவு தீர்ந்துபோய், யாரும் கேட்காத அளவே குவிந்திருந்தால் அப்போதுதான் தெரியும்.