அரைகுறையாகக் காய்ந்த வத்தல்

பிள்ளையார்பட்டி மோதகத்துக்குப் பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் கழுவி, துணியில் பரப்பி உலர்த்தி, ரவையாக உடைத்துக்கொள்வார்கள். அன்றைக்கே கிளறிவிட்டால் கவலையில்லை. ஈரம் போகாத ரவையை டப்பாவில் அடைத்து வைத்தால்தான் சிக்கல். மிளகாய் வத்தல், மல்லி, நிலக்கடலை, சுண்டை வத்தல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இவற்றுக்கென்றே முற்றங்கள் உண்டு. சுற்றிலும் தாழ்வாரம், நடுவில் நேரே இறங்கும் வெயில். அந்த வசதி இல்லாதவர்களுக்கு மொட்டைமாடியும் தார்ச்சாலை ஓரமும்தான் களம். அங்கே புழுதி, வண்டிப்புகை, நாய், ஆடு எல்லாம் வந்து போகும்.

பூசணம் விடும் நஞ்சு

புழுதியைவிட நான் அதிகம் அஞ்சுவது ஈரத்துக்குத்தான். சரியாகக் காயாத கடலையிலும் மிளகாயிலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணம் வளரும். அது உண்டாக்கும் நஞ்சு அஃப்லடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இதைக் கண்டுபிடித்தார்கள். 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற நூறு பேருக்கு மேல் கல்லீரல் கெட்டு இறந்தார்கள்.

அத்தனை நஞ்சு ஒரே நாளில் நம் தட்டுக்கு வருவது அரிது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஆண்டுகள் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரலாம். ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு அந்த அபாயம் பல மடங்கு. வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுவதும் போவதில்லை.

உலர்த்தி செய்யும் வேலை

பறித்த பழமிளகாயில் முக்கால் பங்கு தண்ணீர். அதைப் பத்து சதவீத அளவுக்கு இறக்க வேண்டும். வெட்டவெளியில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். இரவுப் பனியும் திடீர் மழையும் அதைப் பின்னுக்கு இழுக்கும். அந்த இடைவெளிதான் பூசணத்துக்கு வாய்ப்பு.

சோலார் உலர்த்தி இதைச் சில நாட்களில் முடித்துவிடும். பாலிகார்பனேட் கூரை வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். மின்விசிறி ஈரக்காற்றை வெளியே தள்ளும். அந்த விசிறிதான் முக்கியம். காற்று வெளியேறாத கூடாரம் புழுக்கத்தைத்தான் கூட்டும். சூடு 50 முதல் 60 டிகிரி இருந்தால் போதும். அவசரப்பட்டு ஏற்றினால் மேல்தோல் இறுகி, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கையில் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும்.

வேளாண்மைப் பொறியியல் துறை சோலார் கூடார உலர்த்திக்கு மானியம் தருகிறது. தனியாக ஒருவர் வாங்குவதைவிட மகளிர் குழுவாகச் சேர்ந்து அமைப்பது மேல். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு மின்சாரத் தட்டு உலர்த்திதான் கைகொடுக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது

மிளகாயைக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். கடலைக்காய்க்குள் பருப்பு ஆட வேண்டும். காய்ந்ததைச் சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். உள்ளே வியர்த்து மறுபடி ஈரமாகும். நன்றாக ஆறியபின் மூடி, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைத் துடைத்து வறுத்துத் தின்ன வேண்டாம். எண்ணெய் ஆட்டவும் கொடுக்க வேண்டாம். வீணாகிறதே என்று மாட்டுக்கும் வைக்காதீர்கள்: மாடு தின்ற நஞ்சில் ஒரு பகுதி பாலில் இறங்கும், அந்தப் பாலைத்தான் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம்.