கூட்டு நிரற்பயிற்சிக்குக் கருவி தேர்தல்

அலுவலகத்தில் நிரல் எழுதுவோர் வேலையை விரைவில் முடித்துத் தரும் கருவியையே நாடுவர். கூடியமர்ந்து பழகுவோர்க்கு வேலையை முடிப்பது நோக்கமன்று. எனவே அங்கே சிறந்த கருவி இங்கே இடையூறாவதும் உண்டு.

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் 2009-இல் தோன்றிய 'கோட் ரிட்ரீட்' என்னும் ஒருநாள் பயிற்சியை நோக்குவோம். இருவர் இருவராக ஒரு கணினிமுன் அமர்வர். 45 நிமிடம் முடிந்ததும் எழுதியதனைத்தையும் அழித்துவிட்டு, துணையை மாற்றிக்கொண்டு, அதே கணக்கை முதலிலிருந்து தொடங்குவர். கணக்கோ, ஜான் கான்வே வகுத்து 1970-இல் பரவலாக அறியப்பெற்ற 'உயிர் விளையாட்டு'. உயிருள்ள கட்டத்தைச் சூழ்ந்த எட்டில் இரண்டோ மூன்றோ உயிருடனிருப்பின் அது பிழைக்கும், உயிரற்ற கட்டம், சூழ மூன்று இருந்தால் உயிர்பெறும், ஏனையவற்றில் உயிரில்லை. கிடையாக நிற்கும் மூன்று கட்டங்கள் அடுத்த தலைமுறையில் நெடுக்காகும். மறுதலைமுறையில் மீண்டும் கிடையாகும். சோதனை எழுத இதைவிட வாய்ப்பான உரு அரிது.

இந்த 45 நிமிடத்தில் 15 நிமிடம் மென்பொருள் நிறுவுவதிலேயே கழிந்தால் மூன்றிலொரு பங்கு வீண். ஆகவே முதற்கண் பார்க்க வேண்டியது, எழுதிய வரி சரியா தவறா என்று எவ்வளவு விரைவில் தெரிகிறது என்பதே. பைத்தான் மொழியில் சோதனைக்கான கூறு 2001 முதல் மொழியுடனேயே வருகிறது. சி++ மொழியிலோ சோதனைச் சட்டகத்தைத் தனியே தேடி இணைக்க வேண்டும்; அதை முந்தைய நாளே முடித்து வைப்பது அமைப்பாளர் கடன்.

ஜான் ஜாகர் உருவாக்கிய 'சைபர்-டோஜோ' இத்தொல்லையை உலாவிக்குள் அடக்கிவிட்டது. பொத்தானை அழுத்தினால் நிரல் தொலைவழங்கியில் ஓடும். சோதனை தேறின் பச்சை, தவறின் சிவப்பு, ஓடவே இயலாவிடின் மஞ்சள் என விளக்கு எரியும். தொடக்கத்தில் தரப்படும் மாதிரி நிரல் 6-ஐ 9-ஆல் பெருக்கும். சோதனையோ 42-ஐ எதிர்பார்க்கும். கிடைப்பது 54, எனவே சிவப்பு. 9-ஐ 7 ஆக்கினால் பச்சை. கருவி ஒழுங்காக இயங்குகிறது என்பது கணக்கைத் தொடுமுன்னரே தெரிந்துவிடுகிறது.

சொல்லைத் தானே நிறைவுசெய்யும் வசதி இல்லாத எளிய திருத்தியே பயிற்சிக்கு நன்று என்பது என் கருத்து. அவ்வசதி இல்லாதபோது இருவரும் வாய்விட்டுப் பேசியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் துணைக்கருவியை அணைத்து வைப்பது இன்னும் இன்றியமையாதது. உலகறிந்த இக்கணக்கின் விடையை அது நொடியில் கொட்டிவிடும், பிறகு இருவர்க்கும் வேலையில்லை.

தேர்ந்த குழுவினர் கெண்ட் பெக் 2018-இல் முன்வைத்த கடுநெறியை முயலலாம்: சோதனை தேறினால் மாற்றம் 'கிட்' களஞ்சியத்தில் சேரும், தவறினால் புதிதாக எழுதியது முழுதும் அழியும். இதற்கு ஒரு முனையச் சாளரமும் ஒற்றை வரிக் கட்டளையும் போதும். ஆனால் சோதனை ஓரிரு நொடியில் முடிய வேண்டும். அரை நிமிடம் இழுக்கும் சூழலாயின் இம்முறையைத் தொடாதிருப்பதே நலம்.