மூன்றாம் நாள் இரவு

என் அக்கா மகளுக்குச் சிசேரியன் முடிந்து மூன்றாம் நாள் ராத்திரி. குழந்தை ஒரு மணி நேரமாக வீறிட்டு அழுகிறது. மாரில் போட்டால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. “பால் பத்தலம்மா, புள்ள பசியில கத்துது” என்றார் அவள் மாமியார். பக்கத்துக் கட்டில்காரரும் அதையே சொன்னார். “சித்தி, ஏதாவது பண்ணுங்க” என்று அவள் என் கையைப் பிடித்தாள். தையல் வலியில் அவளால் ஒருக்களிக்கக்கூட முடியவில்லை. கீழே மெடிக்கல் ஷாப்பில் பவுடர் பால் டப்பா வாங்கி வந்தவள் நான்தான்.

பால் எப்படி ஊறுகிறது என்று பிறகுதான் படித்தேன். அந்த இரவைப் புரிந்துகொள்ள அதுதான் முதலில் தெரிய வேண்டியது.

கர்ப்பத்தின் பாதியிலேயே மார்பு பால் சுரக்கத் தயாராகிவிடுகிறது. ஆனால் நச்சுக்கொடியிலிருந்து வரும் புரோஜெஸ்டிரோன் அதை அணைபோட்டு வைத்திருக்கிறது. நச்சுக்கொடி வெளியே வந்ததும் அணை திறக்கிறது. அதற்குப் பிறகும் பால் பெருகி இறங்க 30 முதல் 72 மணி நேரம் பிடிக்கும். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் தள்ளிப்போகலாம். அதுவரை சுரப்பது மஞ்சளும் பிசுபிசுப்புமான சீம்பால். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டிதான் வரும். ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு அன்றைக்கு அது போதும். அந்தத் துளிகளில் செறிந்திருக்கும் எதிர்ப்புரதங்கள் குடலின் உள்சுவரில் படிந்து கிருமிகளைத் தடுக்கின்றன. நாம் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் சேனை வைப்பது இந்த நேரத்தில்தான் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

பால் இறங்கிய பிறகு கணக்கு மாறிவிடுகிறது. குழந்தை சப்பும்போதெல்லாம் தாயின் மூளையடிச் சுரப்பி புரோலாக்டினை வெளியிடுகிறது. அது பாலை உண்டாக்கும். கூடவே வரும் ஆக்சிடோசின் பாலை வெளியே தள்ளும். புரோலாக்டின் இரவில்தான் அதிகம். மார்பில் பால் தேங்கினால் சுரப்பு தானே மட்டுப்படும், காலியானால் கூடும். இப்போது அந்த டப்பாவை யோசித்துப் பாருங்கள். நள்ளிரவில் முப்பது மில்லி பவுடர் பால் குடித்த குழந்தை மூன்று மணி நேரம் அசந்து தூங்குகிறது. மாரில் பால் தேங்குகிறது, சுரப்பு குறைகிறது. காலையில் இன்னொரு முறை பவுடர். ஒரு வாரத்தில் “பால் பத்தலை” என்ற சொல் உண்மையாகிவிடுகிறது.

அழுகை பசியின் அளவுகோல் அல்ல. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, மலம் கருமை மாறி மஞ்சளாகிவிட்டதா, முதல் சில நாளில் குறைந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டிப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பால் போதுகிறது. இல்லையென்றால் யார் என்ன ஆறுதல் சொன்னாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பால் போதாமல் நீர் வற்றிப்போகும் குழந்தைகளும் உண்டு.

புட்டிப்பாலின் கதை பழையது. ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1865-இல் குழந்தை உணவு ஒன்றைத் தயாரித்தார். 1867-இல் சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே தன் பால் மாவை உருவாக்கினார். தாய் இறந்துபோன குழந்தைகளை எண்ணிப் பார்த்தால் அந்தத் தேவை உண்மையானது. விற்பனை அந்தத் தேவையைத் தாண்டிப் போனதுதான் கேடு. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இனிப்புச் சேர்த்த டின் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்பதைக் கொலை என்றே 1939-இல் ஒரு கூட்டத்தில் பேசினார். உலக சுகாதார அமைப்பின் விற்பனை நெறிமுறை வர 1981 ஆகிவிட்டது. இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பால் மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது.

இன்றைய பவுடர் அந்த டின் பால் அல்ல. பசும்பாலின் புரதத்தைக் குறைத்து, விகிதத்தை மாற்றி, இரும்புச்சத்து சேர்த்து, குழந்தை வளரும்படி செய்திருக்கிறார்கள். ஆனாலும் தாய்ப்பாலில் இருக்கும் சிலவற்றைத் தொழிற்சாலையால் தர முடியவில்லை. ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் தாய்ப்பாலில் உண்டு. குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியம் போன்ற நல்ல நுண்ணுயிர்களுக்கான தீனி அது. பவுடரில் அவற்றில் ஒருசிலவற்றைத்தான் இப்போது சேர்க்கிறார்கள். தாயின் குடலும் நுரையீரலும் சந்தித்த கிருமிகளுக்கு எதிரான புரதங்களும் பாலில் வருகின்றன. அந்த வீட்டில், அந்தத் தெருவில் உலவும் கிருமிகளுக்கென்றே அமைந்த பாதுகாப்பு இது.

இதனால் கிடைக்கும் நன்மை எவ்வளவு? அளப்பது எளிதல்ல. படிப்பும் வசதியும் வேறுபடும் குடும்பங்களை ஒப்பிட்டால் எது பாலால் வந்தது, எது வசதியால் வந்தது என்று பிரிக்க முடியாது. பெலாரஸ் நாட்டில் 1996-97-இல் மைக்கேல் கிரேமர் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். 31 மருத்துவமனைகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, தாய்ப்பால் கொடுக்க அங்கே கூடுதல் பயிற்சியும் துணையும் தந்தார்கள். 17,046 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லாத் தாய்மாரும் தாய்ப்பாலில் தொடங்கியவர்களே. துணை கிடைத்த பக்கம் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் 43 சதவீதம், மறுபக்கம் 6 சதவீதம். முதல் ஆண்டில் வயிற்றுத் தொற்று வந்தது 9.1 சதவீதத்தினருக்கு, மறுபக்கம் 13.2. தோல் அரிப்பு நோயும் பாதியாகக் குறைந்தது. ஆனால் மூச்சுத்தொற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. பிற்பாடு பார்த்தபோது உடல்பருமனும் ஆஸ்துமாவும் குறையவில்லை. ஆறரை வயதில் மொழித்திறனில் தெரிந்த முன்னிலை, பதினாறு வயதில் பெரும்பாலும் கரைந்துவிட்டது.

தாய்ப்பாலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தொற்றிலிருந்து காக்கும் என்பது உறுதி. தண்ணீர் சுத்தமில்லாத ஊரில் அந்தக் காவல் உயிரையே காக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் கொடிய குடல் அழுகல் நோயைத் தாய்ப்பால் வெகுவாகக் குறைக்கிறது. ஒரு பெண் மொத்தம் 12 மாதம் பால் கொடுத்தால் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. இவ்வளவு இருக்கும்போது, “பவுடர் குடிச்சா புத்தி மந்தமாகும்” என்று ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிற பெண்ணை மிரட்டுவது கொடுமை.

பெலாரஸில் தாய்மாரின் மன உறுதி ஒன்றும் கூடிவிடவில்லை. அவர்களுக்குத் துணை கிடைத்தது. நம்மிடம் குறைவது அதுதான். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். அவற்றில் 45 சதவீதம் போல சிசேரியன். காம்பு வெடித்து ரத்தம் கசியும் வலியை, பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வருவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல் கருவளையத்தையும் சேர்த்து வாய் நிறையப் பற்ற வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பிறகு வேலை. சட்டம் 26 வாரம் விடுப்பு தருகிறது, தமிழக அரசு ஊழியருக்கு ஓராண்டு. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவளுக்கு அந்த விடுப்பு எட்டுவதில்லை.

பவுடர் கட்டாயம் வேண்டிய இடங்களும் உண்டு. கேலக்டோசீமியா என்ற அரிய பிறவி நோயுள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலே ஆகாது. பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு கண்டவர், பால் திசு குறைவாக அமைந்தவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் என்று பலர் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. பவுடர் கிருமி நீக்கப்பட்டதல்ல. கொதித்து 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும் தண்ணீரில் கலக்கி, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க நீர்க்கக் கரைத்தால் குழந்தை மெலியும்.

அன்று விடியற்காலை பணிக்கு வந்த நர்ஸ் அம்மா புட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். தாயின் முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, குழந்தையைத் தையலில் படாமல் கக்கத்தில் இடுக்கிப் பிடிக்கக் காட்டினார். மாரில் போட்ட பிறகும் போதாவிட்டால் பீய்ச்சிய பாலை, அதுவும் போதாவிட்டால் பவுடர் பாலை, பாலாடை என்ற மூக்குக் கிண்ணத்தில் புகட்டச் சொன்னார். நம் பாட்டிமார் கையில் இருந்த அதே பாலாடை இன்று அந்தப் பெயரிலேயே மருத்துவ ஆய்விதழ்களில் வருகிறது. பதினான்காம் நாள் எடை பார்த்தோம். பிறந்த எடையைத் தாண்டியிருந்தது. ராத்திரி ஒரு வேளைப் பவுடர் மட்டும் இன்னும் பத்து நாள் ஓடியது. அதற்குப் பிறகு வேண்டியிருக்கவில்லை.