பண்ணை காண வரும் பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாப்பு

பயிர்த்தொழிலைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பதோடு நில்லாமல், வயலுக்குச் சென்று கண்ணாரக் காணவேண்டுமென்பது யாவரும் ஒப்புக்கொண்ட விஷயம். கெங்கவல்லிப் பகுதியில் காண்பதற்குரியவை மிகுதியாக உள்ளன. கொல்லிமலையில் உற்பத்தியாகி வரும் சுவேத நதிக்கரையின் நெல்வயல்களும் பாக்குத் தோப்புகளும், பச்சைமலையை நோக்கிய மேட்டு நிலங்களில் மரவள்ளியும் மக்காச்சோளமும், கிழங்கை ஜவ்வரிசியாக்கும் ஆலைகளும், இவற்றுக்கு மேலாக ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் இந்தச் சேலம் ஜில்லாவிலேயே இருக்கின்றன. உபாத்தியாயர் கேட்டால் தம் தோட்டத்தைத் திறந்துவிட மறுக்கும் குடியானவர் மிகச் சிலரே.

ஆயினும் பண்ணையானது விளையாட்டு மைதானமன்று. அங்குள்ள அபாயங்களுள் பெரும்பாலானவை நிலச்சொந்தக்காரர் கண்ணுக்கே தென்படுவதில்லை. முப்பது வருஷம் கிணற்று மேட்டின்மீது நடந்து பழகியவருக்கு அது வெறும் நடைபாதை. முதன்முறையாகக் கிணற்றைக் காணும் நாற்பது பிள்ளைகள் அதே மேட்டில் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பார்களாயின் நிலைமை வேறு. ஆகவே, பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாள், உபாத்தியாயரையும் உடன் அழைத்துக்கொண்டு, அவர்கள் நடக்கப்போகும் வழி முழுவதையும் சொந்தக்காரர் ஒருமுறை நடந்து பார்த்தல் அவசியம். அந்நியரான உபாத்தியாயர் தயங்கி நிற்கும் இடங்களே கவனிக்கவேண்டிய இடங்கள்.

முதலாவது கவனிக்கவேண்டியது கிணறு. இப்பகுதிக் கிணறுகள் பாறையைக் குடைந்து வெட்டப்பட்டவை. வாய் அகன்றும் ஆழமாகவும் இருப்பவை. பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. கரையில் புல் மண்டினால் தரை எங்கே முடிந்து கிணறு எங்கே தொடங்குகிறதென்று பெரியவர்க்கே தெரிவதில்லை. மழையில் ஊறிய மண்கரையோ மேலே நிற்பவரோடு சேர்ந்து சரியக்கூடியது. கமலை இறைத்த காலத்தில் ஆளும் மாடும் பொழுதெல்லாம் கிணற்றடியில் இருந்தமையால், விழுந்தவரைக் காணவும் கேட்கவும் ஒருவர் இருந்தார். இன்றோ மோட்டார் தானே இறைக்கிறது. வீட்டிலிருந்தபடியே கைப்பேசியால் அதனை ஓட்டுவோரும் உளர். வேலை எளிதாயிற்று, கிணற்றடியோ ஆளற்றுப் போயிற்று.

கிணற்றைக் காட்டவேண்டுமென்றால், பிள்ளைகளின் மார்பளவுக்குக் குறையாத சுவருள்ள கிணற்றையே காட்டலாம். அது இல்லையேல் கரையிலிருந்து 20 அடிக்கு அப்பால் கயிறு கட்டி, அவ்விடத்தில் நீந்தத் தெரிந்த ஆள் ஒருவரை வேறு வேலை கொடாமல் நிறுத்திவைக்க வேண்டும். நீண்ட வடமும் காற்றடைத்த லாரி டியூபும் கிணற்றடியிலேயே இருத்தல் நலம். நெடுநாள் இறைக்காத பாழ்ங்கிணற்றினுள் கெட்ட காற்று தங்கியிருக்கக்கூடும். காப்பாற்றும் அவசரத்தில் ஒருவர்பின் ஒருவராக இறங்கியவர்களும் மூச்சுத் திணறி மாண்ட சம்பவங்கள் நம் நாட்டில் பல. அத்தகைய கிணற்றில் எவரையும் இறக்காமல், தீயணைப்புப் படைக்கு 101 என்ற எண்ணில் உடனே தெரிவிக்க வேண்டும்.

கிணற்றினும் கொடியது கைவிட்ட ஆழ்துளைக் குழி. கிணறாவது கண்ணுக்குத் தெரியும். இதுவோ ஒரு சாக்கையும் கூடை மண்ணையும் போட்டால் மறைந்துவிடும். திருச்சி ஜில்லா மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் 2019ஆம் வருஷம் அக்டோபர் 25ஆம் தேதி மாலை, இரண்டு வயதுக் குழந்தையொன்று வீட்டருகே விளையாடுகையில், பயனற்றுப் போன அத்தகைய குழியில் விழுந்தது. முதலில் சுமார் 30 அடி ஆழத்தில் சிக்கியிருந்த குழந்தை, பின்னர் சுமார் 88 அடிக்குச் சரிந்தது. அருகில் வேறு குழி தோண்ட முயன்றபோது பாறை தடுத்தது. நாட்கள் கழிந்தன, 29ஆம் தேதி விடியுமுன் உயிரற்ற உடலே மேலே வந்தது.

இதற்கு ஒன்பது வருஷங்களுக்கு முன்னரே, 2010இல், உச்ச நீதிமன்றம் தெளிவான விதிகளை வகுத்திருந்தது. துளை போடுவதற்கு 15 நாட்களுக்கு முன் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வேலை நடக்கையில் முள்வேலியும் அறிவிப்புப் பலகையும் வைக்க வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூடி, சுற்றிலும் சிமெண்டு மேடை கட்ட வேண்டும். கைவிடப்பட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரையில் களிமண், மணல், கல் முதலியவற்றால் நிரப்ப வேண்டும். கிராமங்களில் இவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு ஊராட்சித் தலைவருக்கும் விவசாய இலாகா அலுவலருக்கும் உரியதென்றும் அவ்வுத்தரவு கூறுகிறது. வாயில் ஒரு கல்லை வைத்துவிட்டு 'மூடியாயிற்று' என்று கணக்கெழுதுவது விதியை நிறைவேற்றியதாகாது; கல்லைப் புரட்டுவது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. பள்ளிக்கூடத்தார் பண்ணை பார்க்கப்போகும் செய்தி கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியுமாயின், அந்த ஊரின் கைவிட்ட துளைகளைத் தேடி நிரப்ப அதுவே தக்க சமயம். நடுக்காட்டுப்பட்டிக் குழந்தை பண்ணை பார்க்க வந்த குழந்தையன்று, அந்தப் பண்ணையிலேயே வளர்ந்த குழந்தை. விருந்தினர் பொருட்டு நிரப்பப்படும் துளை, சொந்தக்காரரின் பேரப்பிள்ளைக்கும் காவலாகும்.

அடுத்தது நஞ்சு. பூச்சிகொல்லி நஞ்சுக்கு 'மருந்து' என்று பெயர் வழங்கி வருகிறோம். பிள்ளைகளை மயக்க இப்பெயர் ஒன்றே போதும். பீகாரின் சாரண் ஜில்லாவில் 2013ஆம் வருஷம் ஜூலை 16ஆம் தேதி, ஒரு பள்ளியில் மதிய உணவுண்ட பிள்ளைகளுள் 23 பேர் மாண்டனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிகொல்லி கலந்திருந்தது. மரவள்ளி பயிரிடுவோர் சிறப்பாக அறியவேண்டியது பிலிப்பைன்ஸ் தேசத்துச் செய்தி. போகோல் தீவில் 2005ஆம் வருஷம் மார்ச் மாதம், பள்ளிக்கூடத்தருகே விற்ற மரவள்ளிப் பலகாரத்தைத் தின்று 27 பிள்ளைகள் இறந்தனர். கிழங்கின் இயற்கை நஞ்சே காரணமென்று முதலில் எண்ணினர். சோதித்தபோது வெளிப்பட்டதோ, மாவைப் போன்ற வெள்ளைப் பொடியான பூச்சிகொல்லி பலகாரத்தில் கலந்திருந்த உண்மை.

நம் குடியானவர்கள் வந்த பிள்ளைகளுக்கு மோர் கொடாமல் அனுப்பமாட்டார்கள். அந்த மோர் எந்தக் கேனில் வருகிறது என்பதே கேள்வி. நஞ்சிருந்த கேனை எத்தனை முறை கழுவினும் அது நஞ்சுக் கேனே. பண்ணையிலுள்ள புட்டி, பொட்டலம், தெளிப்பான் அனைத்தையும் முந்தின நாளே ஓர் அறையிலிட்டுப் பூட்டிச் சாவியைச் சொந்தக்காரர் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் நடக்கும் வயலில் முந்தின ஒரு வாரமேனும் தெளிப்பு கூடாது. சீட்டில் அதனினும் நீண்ட தவணை குறித்திருந்தால் அதுவே கணக்கு.

கிழங்கின் இயற்கை நஞ்சும் பொய்யன்று. மரவள்ளித் தழையை மிகுதியாக மேய்ந்த ஆடுகள் மடிவதை இவ்வட்டாரத்தார் கண்டிருக்கின்றனர். தழையிலும் தோலிலும் பச்சைக் கிழங்கிலும் உள்ள பொருள் உடலுள் சயனைடை உண்டாக்குகிறது. பிடுங்கிய கிழங்கைப் பச்சையாகக் கடிக்கப் பிள்ளைகளை விடலாகாது. தோல் சீவி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிய கிழங்கைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இயந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. டிராக்டரும் ரோட்டவேட்டரும் ஓட்டிக் காட்டும் பொருள்களல்ல. நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரே அருகில் அழைக்கலாம். கிழங்கரைக்கும் ஆலையில் பிள்ளைகள் வாயிலைத் தாண்டவேண்டாம். காட்டுப்பன்றிக்காக எவரேனும் வேலியில் திருட்டு மின்சாரம் விட்டிருந்தால் அது குற்றம். அந்தப் பண்ணைக்குப் பிள்ளைகளை அழைத்தல் அதனினும் பெரிய குற்றம். ஈன்ற பசுவையும் காளையையும் அப்புறம் கட்டிவிட்டு, ஆட்டுக்குட்டிகளைத் தொட்டுப்பார்க்க விடலாம். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே தின்பண்டம் தரவேண்டும். இங்கிலாந்தின் சர்ரே பகுதிப் பண்ணையொன்றில் 2009இல் கால்நடைகளைத் தொட்டுப் பழகியவர்களுக்குச் சாணத்தின் மூலம் கொடிய குடல்நோய் பரவி, 93 பேர் நோயுற்றனர். அவர்களிற் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள்.

உபாத்தியாயர்கள் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வீதமேனும் உடன் வரவேண்டும்; பிள்ளைகள் செருப்பணிந்து வரவேண்டும். பாம்பு தீண்டினால் கட்டுப்போடுவதும் கீறுவதும் கூடா. தீண்டிய உறுப்பை அசைக்காமல் 108 வண்டியை அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அத்தகைய ஆஸ்பத்திரி எது என்பதை முந்தின நாளே விசாரித்து வைத்தல் நலம்.

புறப்படும்போது தோட்ட வாயிலில் மற்றொருமுறை எண்ணிக்கை எடுக்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் வண்டியேறி, தொகை சரியென்று உபாத்தியாயர் சொன்ன பின்னரே மோட்டாரைப் போடவும் மாடுகளை அவிழ்க்கவும் சொந்தக்காரர் உத்தரவளிக்கலாம்.