ஒரு கவளம் இறங்கும் வழி

1913 மார்ச், நியூயார்க். 67 வயதுப் பெண் ஒருவருக்கு நெஞ்சுப் பகுதி உணவுக்குழாயில் புற்றுநோய். அந்த இடத்தில் கத்தி வைத்துப் பிழைத்தவர் அதுவரை யாருமில்லை. ஃபிரான்ஸ் டோரெக் என்ற அறுவை மருத்துவர் நோய் பிடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டார். மிஞ்சிய குழாயை இரைப்பையோடு சேர்த்துத் தைக்க அன்று வழியில்லை. அதன் நுனியைத் தோலுக்கு அடியில் இழுத்து மார்பின்மேல் வெளியே விட்டார். சாப்பாடு ஊற்ற வயிற்றில் முன்பே ஒரு துளை போட்டிருந்தார்கள். இரண்டு வாசல்களையும் உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய் இணைத்தது.

வயிற்றுத் துளையில் கஞ்சி ஊற்றியே உயிர் காத்திருக்கலாம். வாயால் மென்று விழுங்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் குழாய். அந்த அம்மா அதனோடு 13 ஆண்டுகள் வாழ்ந்தார். உணவுக்குழாய், இரைப்பை அறுவைகளின் பலனை எதைக்கொண்டு அளப்பது என்று யாராவது கேட்டால், எனக்கு அவர் நினைவுதான் வரும்.

இரைப்பைக்கு வழி அதற்கு முன்பே திறந்திருந்தது. 1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்றுப் பகுதியை நீக்கி, மீதி இரைப்பையைச் சிறுகுடலோடு தைத்தார். அதற்கு முன் முயன்ற இருவரின் நோயாளிகளும் இறந்திருந்தார்கள். பில்ரோத்தின் நோயாளி தேறிச் சாப்பிட்டார். ஆனால் நான்கே மாதத்தில் புற்று அவரைக் கொண்டுபோயிற்று.

இன்று உணவுக்குழாயை எடுத்தபின் இரைப்பையையே நீளக் குழாயாக வடித்து மார்புக்கோ கழுத்துக்கோ ஏற்றி இணைக்கிறார்கள். மேலேறிய நுனிக்கு ரத்தம் குறைவாகத்தான் போகும். அங்கே தையல் கசிந்தால் நெஞ்சுக்குள் சீழ் பிடிக்கும். இதை அடிக்கடி செய்து கை பழகிய மருத்துவமனைகளில் இறப்பு குறைவு. ஆண்டுக்கு 20 அறுவையாவது செய்யும் இடங்களில்தான் இதைச் செய்யலாம் என்று நெதர்லாந்து வரம்பு வைத்தது. நம் ஊரில் நோயாளியின் வீட்டார் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி இது: "டாக்டர், வருஷத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள்?"

கத்தி மட்டும் போதாது. 2012-இல் வெளியான டச்சு ஆய்வில், நேரே அறுவைக்குப் போனவர்களில் பாதிப் பேர் சுமார் 24 மாதங்கள் தாண்டி வாழ்ந்தார்கள். முதலில் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களுக்கு அது 49 மாதமானது.

பிறகு வீடு. மூன்று வேளைச் சாப்பாடு ஆறு வேளையாகும். இனிப்பை ஒரேயடியாகச் சாப்பிட்டால் வியர்த்து, நெஞ்சு படபடக்கும். உணவுக்குழாய் எடுத்தவர்கள் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வேண்டும். இரைப்பை முழுவதையும் எடுத்தவர்களுக்கு வைட்டமின் பி12 ஊசி ஆயுளுக்கும் தொடரும்.